கழுத்தில் தொங்கிய சிவப்பு அட்டை

வீராசாமியின் சாவுச் செய்தி வந்தபோது நான் கொல்லைப்புறத்தில் அவன் பிடித்துக் கொடுத்த இறாலைத்தான் உரித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அலறியது. எடுக்கப் பயம். விடிந்ததும் விடியாததுமாக வரும் அழைப்பில் நல்ல சேதி எப்போது வந்திருக்கிறது? "அண்ணே, அவரு எந்திரிக்கலண்ணே" என்றாள் அவன் மனைவி அஞ்சலை. இறால் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சிலாங்கூர் மாநிலத்தின் தலைசிறந்த பயந்தாங்கொள்ளி என்ற பட்டம் எனக்கு உண்டு. வழங்கியவன் வீராசாமி. இனி அந்தப் பட்டத்தைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆளில்லை.

புக்கிட் ரோத்தான் ஒட்டுக்கடையில் அவனோடு தே தாரேக் குடித்தவர்களுக்கு அவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவன். வாலிபம் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டியவன். அவன் பிறந்ததைப் பதிய வேண்டும் என்று அவன் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, அவராகவும் போகவில்லை. அதனால் நம்மிடம் இருக்கிற நீல அடையாள அட்டை அவனுக்குக் கிடைக்கவில்லை. சிவப்புதான். இங்கே வாழலாம், உழைக்கலாம். குடிமகன் இல்லை, ஓட்டும் இல்லை. பக்கத்து நாட்டைக்கூடப் பார்க்காதவன், காகிதத்தில் மட்டும் வெளிநாட்டுக்காரன்.

அந்தச் சிவப்பு அட்டையை அவன் காத்ததுபோல் மன்னர்கள் மணிமுடியைக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றி, சைக்கிள் டியூப்பில் பொதிந்து தைத்து, தூண்டில் நைலானில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். குளிக்கும்போதும் கழற்ற மாட்டான்.

ஒரு ஞாயிறு காலை, கம்போங் குவாந்தான் பக்கம் இருவரும் ஆற்றில் சம்பான் படகில் இறாலுக்குத் தூண்டில் போட்டிருந்தோம். படகு ஏதோ வேரில் இடித்தது. அவன் கழுத்து நைலான் கிளையில் மாட்டி அறுந்து, பை தண்ணீரில் விழுந்தது. அதே கணம் நான் முதலையைப் பார்த்தேன். வால் பத்தாங் பெர்ஜுந்தாயில், வாய் கோல சிலாங்கூரில், நடுவில் நாங்கள். அவன் குதித்துவிட்டான். நான் படகுக்குள் படுத்துக்கொண்டு தோட்டத்து முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்ட ஆடுகளைக் கொடுத்திருந்தால் இந்த மாநிலத்தில் ஆட்டு இனமே அழிந்திருக்கும். பையைப் பல்லில் கவ்விக்கொண்டு மேலே வந்தான்.

"அது கட்டைலா மச்சான்" என்றான். கட்டைக்குக் கண் இருக்குமா? இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உயிர் மேல் ஆசையே இல்லையா என்று திட்டினேன். சிரிக்காமல் சொன்னான்: "முதல கடிச்சா நீயாவது சாட்சி சொல்லுவ. அட்ட போயிருச்சுன்னா நான் யாருன்னு எவன்டா சொல்லுவான்?" கரை சேரும்வரை என் பற்கள் தந்தியடித்தன. முதலையால் அல்ல.

தேர்தல் நாளில் எனக்கு முன்பே அவன் தயாராகிவிடுவான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஓட்டுப் போடும் பள்ளிக்கூட வாசல்வரை வந்து, இரண்டு தூண்டிலையும் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பான். நான் வந்ததும் "காட்டு" என்பான். என் விரல் மையை டாக்டர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பிறகு ஆற்றுக்குப் போவோம். அன்று மட்டும் புழுவைத் தொட என்னை விடமாட்டான். என் தூண்டிலுக்கும் அவனே கோத்துக் கொடுப்பான். மை விரலில் புழு படக்கூடாதாம். நானும் சக்கரவர்த்தி போல் உட்கார்ந்திருப்பேன்.

குடியுரிமைக்கு எழுதிப்போட்டான். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மீன்கடையில் மலாயில் பேரம் பேசி எதிராளியை அழவைக்கிறவன், அதிகாரியம்மாவின் மேசை முன்னால் உட்கார்ந்ததும் வாயே திறக்கவில்லை. சட்டை நனைந்து வெளியே வந்தான். "முதல வாயத் தொறந்தா பல்லு தெரியும் மச்சான். அந்தம்மா சிரிச்சிக்கிட்டே கேக்குது. எங்க கடிக்கும்னே தெரியல" என்றான்.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது பயந்தவன் நான்தான். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "பயந்துக்கிட்டே போவோம்லா" என்றான். போனான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தான். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தான். அதற்குப் பிறகு, தெரியாத எண்ணிலிருந்து கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் அவன் கை முதலில் கழுத்துப் பையைத்தான் தொடும். அந்த அழைப்பு மட்டும் வரவில்லை.

அவன் இறப்பைப் பதிய அஞ்சலை என்னைத்தான் அனுப்பினாள். இறந்தவரின் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும் என்றார் பதிவு அலுவலக முகப்பில் இருந்த பெண். மரியாதையாகத்தான் கேட்டார். தையலைப் பிரித்து அட்டையை எடுத்தேன். படத்தில் வீராசாமி விறைப்பாக, எதையோ ஒப்புக்கொள்ளாதவன் போல் இருந்தான். நீட்டினேன். அவர் பிடித்தார். என் விரல்கள் விடவில்லை. இதைக் கொடுத்துவிட்டால் அவன் யார் என்று சொல்ல என்ன மிச்சம்? "பக்சிக்" என்று மலாயில் மாமா முறை சொல்லி மெல்லக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது விட்டேன்.

வெறும் பையைக் கேட்டேன். அஞ்சலை கொடுத்துவிட்டாள். இப்போது அதில் என் நீல அட்டை இருக்கிறது, என் கழுத்தில். அறுபது வயதைத் தாண்டியும் சட்டைப்பையில் அலட்சியமாகப் போட்டு வைத்திருந்த அட்டை அது. வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முதலைக்குப் பயப்படுகிறேன், தனியாகப் படகில் ஏறப் பயப்படுகிறேன். எல்லாவற்றையும்விட அடுத்த தேர்தல் நாளுக்குப் பயப்படுகிறேன். விரலில் மையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது, "காட்டு" என்று கேட்க அங்கே யாரும் நிற்க மாட்டார்கள்.

பயந்துகொண்டேதான் போவேன், மச்சான். அன்று மை விரல் படாமல் புழுவை நானே கோத்துக்கொள்கிறேன்.