தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம்

மக்களே, உங்கள் இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன். சின்னவனே, அன்று நீ அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அக்காவுக்கு ஆறு வயது. காது கேட்காத அவளோடு பேசுவதற்காக, ஞாயிறுதோறும் குடும்பமாகச் செம்பூருக்குச் சைகை மொழி வகுப்புக்குப் போவோம். அவள் கடகடவென்று பிடித்துக்கொண்டாள். எனக்குக் கை வந்தது, முகம் வரவில்லை. புருவத்தைத் தூக்கினால்தான் அது கேள்வி என்று டீச்சர் என் நெற்றியைத் தொட்டே காட்டினார். தோல் பை தைக்கிறவனுக்குக் குனிந்த முகம்தானே பழக்கம்.

சயானில் இருக்கும் நம் வீட்டுக்குத் திரும்பும்போது குர்லாவில் ரயில் மாறினோம். நீங்கள் மூவரும் லேடீஸ் டப்பாவில், பெண்கள் பெட்டியில் ஏறினீர்கள். நான் அடுத்த பெட்டியில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம். வண்டி கிளம்பியதும், பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "சயான்ல எறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"சயானா? இது ஃபாஸ்ட் வண்டில்லா. தாதர்லதான் நிக்கும்."

அம்மாவோ இறங்குவதற்காக உன்னையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். திறந்த வாசல், பின்னால் நெருக்கும் கூட்டம். கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்த அக்கா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என் பையைப் பெரியவர் கையில் திணித்தேன். பேச இரண்டு கையும் வேண்டுமே. சயானுக்கு நம் வீட்டில் ஒரு சைகை உண்டு, அக்கா வைத்தது: ஸ்டேஷன் வாசல் பூக்காரம்மா நாரில் பூவை முடிச்சுப் போடுவது. அதைக் காட்டி, நிற்காது என்றேன். அடுத்ததில் இறங்கு என்றேன்.

அவள் முந்தானையை இழுத்தாள். அம்மா முகத்துக்கு நேரே அந்தச் சின்ன விரல்கள் பூக்கட்டின, வண்டியை நிற்காமல் ஓட்டின. அம்மா உள்ளே வந்து சீட்டைப் பிடித்துக்கொண்டாள். சயான் பிளாட்பாரம் விர்ரென்று பின்னால் போனது.

"புள்ள பேசாதோ?" என்றார் பெரியவர்.

"அவதான் பேசுதா அண்ணாச்சி. நாந்தான் கத்திக்கிட்டு கெடந்தேன்."

அக்கா மறுபடி என் பக்கம் திரும்பினாள். புருவம் இரண்டையும் தூக்கி, கையால் கேட்டாள்: பயமா?

அவ்வளவு இரைச்சலிலும் ஒரு சொல் சிந்தாமல் வந்து சேர்ந்தது. என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் பட்டறைக்கு எல்லோருக்கும் முன்பே போய்விட்டேன். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடித் துண்டின் முன் நின்று, புருவத்தைத் தூக்கி, அவளைப் போலவே கேட்டுப் பார்த்தேன். முகம் சரியாக வரும்வரை மிஷினைப் போடவில்லை.