பத்து பலூன் வெடிக்கும் வரை

ஒலியியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்தபோது என் ஆய்வேடு முழுக்க கொல்லிமலையின் ஒரு பள்ளத்தாக்கை நம்பி இருந்தது. விளிம்பில் நின்று பலூனை உடைக்க வேண்டும். அந்தச் சத்தம் பாறையிலும் எதிர்ச் சரிவிலும் பட்டுத் திரும்பி எப்படி அடங்குகிறது என்று பதிவு செய்ய வேண்டும். கேட்டால் பிறந்தநாள் விளையாட்டு மாதிரி இருக்கும். முன்பு இரண்டு முறை கொண்டுபோன பதிவுகளை வெளிச் சத்தம் அதிகம் என்று பேராசிரியர் தள்ளிவிட்டார். மூன்றாவதும் கெட்டால் அந்த ஆண்டே போச்சு.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு மிளகுத் தோட்டத்தின் மேட்டில் மைக்கை நிறுத்தினேன். தோட்டக்காரர் கீழே சரிவில் மரங்களில் படர்ந்திருந்த மிளகைப் பறித்துக்கொண்டிருந்தார். மேலே மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பள்ளத்தைப் பார்த்து "ஏனுங்கோ!" என்று குரல் கொடுப்பார். கீழேயிருந்து "ஓவ்!" என்று பதில் வரும். வேறு பேச்சு கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சுவதற்கு நேரம் பார்த்தார்கள் பார் என்று நினைத்தேன்.

"அக்கா, பத்து பலூன் வெடிக்கிற வரைக்கும் கூப்பிடாம இருக்கீங்களா? இது என் பரீட்சை மாதிரிங்க."

அவர் முகம் லேசாக வாடியது. ஆனாலும் "செரி கண்ணு" என்றார். கீழே பார்த்துக் கத்தினார். "புள்ளைக்குப் பரிட்சையாமா! நான் கூப்புடற வரைக்கும் சத்தம் போடாதீங்கோ!"

முதல் பலூனை உடைத்தேன். ஹெட்போனுக்குள் பாறை முதலில் அதைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு எதிர்ச் சரிவு, அதற்கும் பிறகு எங்கோ இருந்த காடு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் முழுதாக அடங்கும்வரை காத்திருந்தேன். ஆறாவது முடிந்ததும் அந்த அக்கா என் கையைத் தொட்டு, "போதுங்களா கண்ணு?" என்றார். நான் நான்கு விரலைக் காட்டினேன்.

பத்தாவது முடிந்த உடனே அவர் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். இல்லை.

"ஒத்தை மூங்கில் ஏணில தனியா ஏறுறாருங்க. கொரல் வல்லைன்னா உளுந்துட்டாருன்னு அர்த்தம்" என்றார். நான் மைக்கின் திறனை முழுக்க ஏற்றி ஹெட்போனை அழுத்திக்கொண்டேன். வண்டுகளின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அவர் மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"இருக்காரு. மரத்துல இல்ல, கீழ. ஓடைப் பாறைல பட்டு வருது சத்தம்."

பாறையில் பட்டு வருகிற சத்தம். நான் இரண்டு வருடமாகச் சூத்திரம் போட்டுப் படித்த அதே விஷயம். வெறும் காதால் அவர் பிடித்ததை என் கருவியால் பிடிக்க முடியவில்லை. நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே அவர் சரிவில் ஓடிக்கொண்டிருந்தார்.

அக்கா சொன்ன இடத்திலேயே தோட்டக்காரர் இருந்தார். பாறையில் சாய்ந்து, வீங்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பலூனுக்குப் பிறகு ஏணி சறுக்கிவிட்டதாம்.

"உளுந்த ஒடனே கத்தறதுக்கு என்னங்க?" என்று அக்கா அழுதுகொண்டே திட்டினார்.

"நீதான சத்தம் போடாதீங்கன்னு சொன்ன? புள்ளைக்குப் பரிட்சை கெட்டுப்போயிருமில்ல? நீ கூப்புட்டப்ப பேசிப் பாத்தேன், வலியில கொரலே எந்திரிக்கல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்லா வந்துச்சுங்களா கண்ணு?"

நான் அழுதுவிட்டேன். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

பதிவைக் கேட்ட பேராசிரியர் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு சுத்தமான அமைதி எங்கே கிடைத்தது என்று கேட்டார். மூன்றாவது பலூனுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கல்லில் மோதும் சத்தம் இருக்கிறது. தெரிந்தவர்களுக்குத்தான் கேட்கும். அதன் பிறகு ஏழு பலூன்கள் வெடிக்கின்றன. ஒரு முனகல்கூட இல்லை.