பிஸ்தாவின் அழுக்குக் கூடு

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, ராமநாதபுரத்தில் குப்பை வண்டிக்குப் பின்னால் லுங்கியோடு ஓடிய பெரியவர் நான்தான்.

பார்த்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வதாகக் கேள்வி. மோதிரம் குப்பையில் போய்விட்டதாம்... மனைவி துரத்திவிட்டாளாம்... உண்மை இதைவிட மோசம். எலி விஷயம்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். முப்பது வருட சர்வீஸ். பொறி, பசை அட்டை, விஷ பிஸ்கட் — எதை எங்கே எப்போது எத்தனை அடி இடைவெளியில் வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் வீட்டில்தான் மகள் யாழினி ஒரு வெள்ளை எலியைக் கூண்டோடு கொண்டுவந்து வைத்தாள். மதுரையில் ஒரு கடையில் வாங்கினாளாம். பெயர் பிஸ்தா. வாங்கி இரண்டே நாளில் அவளுக்குப் புனேயில் ஒன்றரை மாத ஆபீஸ் பயிற்சி வந்துவிட்டது.

"அய்யா, நீங்க பாத்துக்கங்க. எலியப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது எல்லாம் அதை ஒழிப்பதைப் பற்றி அல்லவா?

வந்து பதினேழாவது நாள். அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாமலும் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, இங்கன வந்து பாருங்க. உங்க எலி என்னமோ பண்ணி வச்சிருக்கு!"

போய்ப் பார்த்தேன். ஒன்பது குட்டிகள். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்திருக்கின்றன. விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குட்டிகள் வெந்த இறால் நிறம். கண் இல்லை, முடி இல்லை. சுண்டுவிரலில் ஒரு கணு அளவு. வயிற்றுத் தோல் அவ்வளவு மெலிசு — குடித்த பால் உள்ளே வெள்ளைக் கோடாகத் தெரிகிறது!

அவற்றைச் சுற்றி ஒரு கூடு. நான்கைந்து நாளாகவே பிஸ்தா செய்தித்தாளை இழுத்து இழுத்து நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா? மனைவியின் பழைய ஜாக்கெட் துணியும் அதில் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் வந்த இந்தப் பத்தியும் இருந்தது. என் எழுத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்த வாசகர் வேறு யாரும் இல்லை.

ஆனால் கூட்டில் ஈரம். ரத்தக் கறை. மூத்திர நாற்றம். ஒரு சுகாதார ஆய்வாளரின் கண் வேறு எதைப் பார்க்கும்?

கையுறை மாட்டினேன். தாயை ஒரு வாளியிலும் குட்டிகளைத் துணி விரித்த கிண்ணத்திலும் வைத்தேன். கூண்டைப் பினாயில் விட்டுத் தேய்த்தேன். வெந்நீரில் அலசி, ஃபேனுக்கடியில் காயவைத்து, புது டிஷ்யூ பேப்பர் விரித்தேன். பழைய கூட்டை ஒரு பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, சிவப்பு மையால் அடையாளம் வைத்து வாசலில் வைத்தேன். கழிவு மேலாண்மை விதிப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். வண்டி வந்தது, பை போனது. தாயையும் குட்டிகளையும் திரும்ப உள்ளே விட்டேன். ஒரு பிழை இல்லை.

பிஸ்தா ஒரு குட்டியை வாயில் கவ்வியது. படுக்க வைக்கும் என்று பார்த்தேன். வைக்கவில்லை. மூலைக்குப் போனது, முகர்ந்தது, திரும்பியது. எதிர் மூலைக்குப் போனது, முகர்ந்தது, திரும்பியது. வாயில் குட்டியோடு கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. மற்ற எட்டும் டிஷ்யூ மேல் ஆளுக்கொரு பக்கம் நெளிந்தன.

எனக்குப் பழைய காட்சி ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு புயல் எச்சரிக்கையின்போது தீவிலிருந்து வந்த மீனவக் குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தோம். தரையெல்லாம் மருந்து போட்டுத் துடைத்து, புதுப் பாய் விரித்து, எல்லாம் முறையாக. கைக்குழந்தையோடு ஒரு தாய் மட்டும் உட்காராமல் அந்த ஹாலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கிருமி பரவும் என்று அவருடைய பழைய சேலை மூட்டையை வெளியே வைக்கச் சொன்னவன் நான். அந்தக் குழந்தை தூங்கவே இல்லை. ஏன் என்று அன்று எனக்குப் புரியவும் இல்லை.

யாழினிக்கு போன் போட்டேன்.

"கூண்டக் கழுவுனீங்களா! ஏன்யா கழுவுனீங்க? அது வாசன இல்லாட்டி அது குட்டியச் சேக்காது. பயந்து போனா கடிச்சுத் தின்னுரும்யா. பழைய கூட்ட எங்கன போட்டீங்க?"

அதற்குப் பிறகுதான் அந்த ஓட்டம்.

இரண்டு தெரு தள்ளி வண்டியைப் பிடித்தேன். ஓட்டுபவர் பாண்டியம்மா. என்னிடம் பல வருடம் வேலை பார்த்தவர். கோட் போடாமல் வந்ததற்காக ஒருமுறை நான் அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். என் லுங்கியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், யாருக்கு என்ன?"

"குப்பை வேணும்மா."

"குப்பையா? எடு எடுன்னுதான இத்தன வருசமா சொன்னீங்க?"

"வீட்ல எலி குட்டி போட்டிருக்கு."

"அம்புட்டுத்தானா? மருந்து வைக்கச் சொல்லவா?"

"இல்ல... காப்பாத்தணும்."

பாண்டியம்மா மோட்டாரை அணைத்தார். "இருங்க சார், நல்லாக் கேட்டுக்கிறேன். கருவாட்டுக் கிடங்குல பொறி வைக்க என்னையத் தவந்து போகச் சொன்னது யாரு? செத்த எலி வால எண்ணிச் சொல்லுன்னு வெயில்ல நிக்க வச்சது யாரு? இப்ப காப்பாத்தணுமாக்கும்!"

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அவரே வண்டியின் ஓரப் பெட்டியைத் திறந்து என் பையை எடுத்தார். "செவப்பு அடையாளம் இருந்தாத் தனியா வைக்கணும்னு சொல்லிக் குடுத்தீகள்ல... வச்சிருந்தேன். வாங்க, நானும் வாரேன். உங்கள நம்பி அனுப்ப ஏலாது."

வீட்டில் மனைவி ஃபேனை நிறுத்திவிட்டுக் கூண்டருகே நின்றிருந்தாள். பிஸ்தா இன்னும் அந்த ஒரு குட்டியோடு சுற்றிக்கொண்டிருந்தது. பாண்டியம்மா டிஷ்யூவை வாரி எறிந்துவிட்டு, அந்த அழுக்குக் கூட்டை அப்படியே ஒரு மூலையில் வைத்தார்.

பிஸ்தா நின்றது. முகர்ந்தது. வாயிலிருந்த குட்டியை அதன் நடுவில் இறக்கியது.

இனி 'அது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் ஓடினாள். ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி வந்தாள். பல் இருக்கிறது, தோலில் ஒரு கீறல் இல்லை. வைத்ததும் மூக்கால் தள்ளி உள்ளே அமுக்குவாள், அடுத்ததற்குப் போவாள். யார் இவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்? எந்தச் சுற்றறிக்கை? இது இவளுக்கு முதல் பிரசவம். முப்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

எட்டு. ஒன்பதாவது குட்டி, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் ஈரத்தில் கிடந்தது. அவள் முகர்ந்தாள், நகர்ந்துவிட்டாள். நான் தொட்டேன். சில்லென்று இருந்தது. நீலம் பூத்திருந்தது.

"போயிருச்சு" என்றேன். அறிக்கை கொடுத்துப் பழகிய வாய்.

"நீங்க செத்த சும்மா இருங்க சார்." பாண்டியம்மா அதை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டார். உள்ளே வாய் வைத்து ஊதினார். மறுபடி ஊதினார். மனைவி வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். தெருவில் வண்டி அப்படியே நின்றது. பத்து நிமிடமா, கால் மணி நேரமா... அவர் ஊதிக்கொண்டே இருந்தார்.

"உதைக்குது" என்றார் பாண்டியம்மா.

நான்தான் அவசரமாக வாங்கிக் கூண்டுக்குள் கை நீட்டினேன். பிஸ்தா என் விரலை ஒரு முறை முகர்ந்தாள்; பின்வாங்கி மூலைக்குப் போய்விட்டாள். கையுறையைக் கழற்றியும் பினாயில் வாடை போகாத கை. பாண்டியம்மா குட்டியைத் திரும்ப வாங்கி நீட்டினார். ஊர்க் குப்பையை அள்ளிய கை. அதிலிருந்து கவ்விக்கொண்டு போனாள்.

'முதலில் கை கழுவுங்கள்' என்று சொல்ல வாய் எடுத்திருந்தேன். சர்வீஸ் முழுக்க நான் விழுங்கிய ஒரே உத்தரவு அதுதான்.

சுத்தம் வேறு, பாதுகாப்பு வேறு என்று இந்த வயதில் ஒரு எலியிடம் கற்றுக்கொண்டேன். இரண்டும் ஒன்று என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன்!

இப்போதெல்லாம் கூண்டைப் பாதி பாதியாகத்தான் சுத்தம் செய்கிறேன், கூட்டைத் தொடுவதில்லை. பதினாலாம் நாள் எட்டுக் குட்டிகள் கண் திறந்தன. ஒன்பதாவது ஒரு நாள் தாமதம். பாண்டியம்மா தினம் வண்டியை நிறுத்தி, "ஒம்பதும் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். ஒன்று கொண்டுபோகிறாயா என்று மனைவி கேட்டதற்கு, "எங்க தெருவுல ஏற்கெனவே நெறயா கெடக்குக்கா. பேருதான் வைக்கல" என்றார்.

நேற்று மதியம் கூண்டைத் திறந்து கையை உள்ளே வைத்தேன். வெறும் கை. பிஸ்தா நிதானமாக முகர்ந்தாள், ஒவ்வொரு விரலாக. பிறகு குட்டிகளை என் கைப்பக்கம் விட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். அந்தக் கடைசிக் குட்டி என் உள்ளங்கையில் ஏறிச் சுருண்டு படுத்தது.

"சோறு போட்டாச்சு, கையக் கழுவிட்டு வாங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

கழுவலாம்... கொஞ்ச நேரம் போகட்டும் என்றேன்.