கோழைக் கிண்ணத்தைக் கழுவி வைத்தவனுக்குக் கிட்டிய மறுமொழி

மூன்றாண்டுகள் இருமினேன், உடன்பிறப்புகளே. இடப்புற நுரையீரலின் அடிப்பகுதி சீழ் கட்டி அழுகியிருந்தது. மேனாம்பேட்டுப் பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்கு, ஒரு செய்யுளை முழுமையாகச் சொல்லி முடிக்கவும் மூச்சு இல்லை. என் வாய் நாற்றத்துக்கு நானே நாணி, ஆலயத்தில் கடைசி வரிசைக்குச் சென்றேன். சாவை அஞ்சவும் தெம்பில்லை.

போரின்பொருட்டு நகரத்து மருத்துவமனைக்கு வந்திருந்த வெள்ளைக்கார மருத்துவர், என்னை அங்கே சேர்த்துக்கொண்டு, அழுகிய பகுதியை அறுத்து நீக்கலாம் என்றார். துப்பும் கோழையைக் கிண்ணத்தில் சேர்த்துக் காலைதோறும் காட்டப் பணித்தார். அதில்தான் பிழை செய்தேன். என் சீழைப் பிறர் காண்பதை மானம் பொறுக்கவில்லை. மருத்துவர் வருமுன் அதனைக் கொட்டிக் கழுவி வைப்பேன். கோழை வற்றிவிட்டதென அவர் மகிழ்ந்தார்.

அறுவைக்கு முந்தைய மாலை என் மனைவி எஸ்தர் கட்டிலருகே முழந்தாளிட்டாள். நானோ வேண்டுதலுக்கு அழகிய சொற்களைத் தேடிக் களைத்தேன். “பாரும், ஆண்டவரே” என்று மட்டும் வேண்டினேன்.

மறுநாட்காலை கிண்ணமும் கையுமாக நின்ற என்னை, கூடம் பெருக்கும் முனியம்மாள் கண்டுவிட்டார்.

“இன்னா வாத்தியாரே, தெனம் நீதான் கழுவிகினு கீறியா? அப்பறம் தொர இன்னாத்த பாப்பாரு, உன் மூஞ்சியவா?”

“மெல்லப் பேசும்மா, நாலு பேர் காதில் விழும்.”

“உழட்டுமே! வெக்கமா கீதுன்னா ஊட்ல குந்திக்கோ. ஆஸ்பத்திரிக்கு இன்னாத்துக்கு வந்தே?”

எஸ்தர் சிரித்தாள், உடனே அழுதாள். முனியம்மாள் நேரே தாதியிடம் சென்று உரைத்தார்.

மயக்க மருந்து தரும் மருத்துவர் விரைந்து வந்தார். நான் ஈதரில் உறங்குகையில் அச்சீழ் நல்ல நுரையீரலுக்குள் வழிந்தால் மூச்சடைத்து மாள்வேன் என்றார். கோழை இல்லையென நம்பி, வேண்டாவென ஒதுக்கிய கருவியைக் கொணர்ந்து காட்டினார்: மெல்லிய நீண்ட இரப்பர்க் குழாய், அதன் நுனியில் சிறு காற்றுப்பை. நோயுற்ற பக்கத்து மூச்சுக்கிளைக்குள் அதைச் செலுத்தி ஊதினால், பை உப்பி வழியடைக்கும். மறுபக்கம் தனியே மூச்சு வாங்கும்.

அறுவையின்போது சீழ் அப்பைக்குப் பின்னே குளமாய்த் தேங்கி நின்றதாம். நல்ல பக்கத்துக்கு ஒரு துளியும் கடக்கவில்லையாம். நான் கண்விழித்தேன்.

இன்றும் சிறிது நடந்தாலே இளைக்கிறது. களைப்பு முற்றும் நீங்கிற்று என்று பொய்யுரையேன். ஆயினும் இருமலின்றி உறங்குகிறேன். வேண்டுதலில் அழகிய சொற்களைத் தேடுவதை விட்டொழித்தேன். என் ஆண்டவர் ஓர் ஏழைப்பெண்ணின் ஏச்சாகவே எனக்கு மறுமொழி அருளினார். அவருக்கு நன்றி, அப்பெண்ணுக்கும் நன்றி.

என்போல் களைத்தவர்களே, உங்கள் நோவை அவரிடம் ஒப்பனை செய்து சொல்ல வேண்டா. நாறுகிறபடியே சொல்லுங்கள். அவர் முகம் சுளிப்பதில்லை.