ஒற்றைக் கண்ணுக்கு ஓர் ஐபீஸ்

தொலைகாட்டியை யாரும் விற்றுவிடலாம். அதன் நுனியில் செருகுகிற கட்டைவிரல் அளவு ஐபீஸை ஒருவருடைய கண்ணுக்குத் தோதாகத் தெரிந்து கொடுப்பதில்தான் இந்தத் தொழிலின் தலையிடி முழுவதும் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குப் பார்வைத்துண்டு என்று பெயர். கடைக்கு வருகிறவர்கள் "அந்தச் சின்னச் சாமான்" என்பார்கள்.

நான் இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழில் செய்தி திருத்தியவன். பத்திரிகை பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் சேர்த்துக் குறைத்தது. இப்போது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் மைத்துனருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்பக்க அலுமாரி ஒன்றுக்கு நான் பொறுப்பு. அதற்குள் தொலைகாட்டிகளும் ஐபீஸ்களும் இருக்கின்றன. பக்கத்து மேசையில் வில்லை வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிற செல்வி, ஹட்டன் பக்கத்துப் பெண். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற சகபாடிகளே, இதை வாசிக்கும்போது உங்கள் கடையையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் அச்சடித்திருந்தது

குலநாயகம், நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கர். பழைய காணி உறுதிகளை வாசித்து, எந்தக் காணி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய தொலைகாட்டியைப் பெட்டியோடு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வியாழனும் தெரியவில்லை, சனியும் தெரியவில்லை, இரண்டு கிழமையாக ஒரே மூட்டம் என்றார்.

திறந்து பார்த்தேன். இருந்ததிலேயே சின்னதான நாலு மில்லிமீற்றர் ஐபீஸை, படத்தை மும்மடங்காக்கும் குழாய் ஒன்றின் மேல் செருகி வைத்திருந்தார். பஞ்சுக்குள் வேறும் இரண்டு மூன்று சின்னச் சாமான்கள் கிடந்தன. அவற்றை நான் எடுத்துப் பார்க்கவில்லை. அதை ஞாபகம் வைத்திருங்கள். பெட்டியின் வெளியே 675 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருந்தது. இந்த அளவு வில்லையால் அதில் நாலில் ஒரு பங்கைக்கூடத் தாங்க முடியாது, அதற்கு மேலே போனால் மூட்டம்தான் பெருக்கும் என்று விளங்கப்படுத்தினேன். நான் பத்திரிகையில் இருந்தவன் என்று செல்வி அவருக்கு முதலே சொல்லியிருந்தார் போலும். குலநாயகம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பெட்டியில அச்சடிச்சல்லோ கிடக்கு. அச்சில வந்தது பிழையெண்டு நீங்களே சொல்லலாமோ, தம்பி?"

எந்தக் கண்

ஐபீஸ் தெரிவதற்கு முன்பு நான் கேட்பது இரண்டே கேள்விகள். மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பீர்களா, கழற்றிவிட்டா? எந்தக் கண்ணால் பார்ப்பீர்கள்? மூக்குக்கண்ணாடி இல்லாமல் தன்னால் கதவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்றார் குலநாயகம். அப்படியானவர்களுக்கு, கண்ணை அரை அங்குலத்துக்கு மேல் தள்ளி வைத்தாலும் முழுப்படமும் தெரிகிற ஐபீஸ் வேண்டும். அவரிடமிருந்த நாலு மில்லிமீற்றரில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால்கூட இமைமயிர் போய் வில்லையைத் துடைக்கும்.

இருபத்தைந்து மில்லிமீற்றர் ஒன்றை எடுத்துச் செருகி, வீதிக்கு அப்பால் ஒரு பெயர்ப்பலகையைக் காட்டினேன். எல்லோருக்கும் சொல்கிற மாதிரி, மற்றக் கண்ணை இறுக்கி மூட வேண்டாம், களைத்துவிடும் என்றும் சொன்னேன். அவர் ஐபீஸிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. ஏழு வயதில் கிட்டிப்புள் பட்டு இடது கண் போனதையும், முப்பது வருடமாக வலது கண் ஒன்றினாலேயே உறுதி வாசிப்பதையும், அது போனால் புதுக்கடைக்குப் போகும் வேலையும் அன்றோடு சரி என்பதையும் பலகையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். இரண்டு கண் உள்ளவர்களுக்கு ஐபீஸ் கொடுக்கும்போது இல்லாத பயம் அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

"மற்றக் கண்ணைப் பற்றி நீங்கள் யோசிக்காதேங்கோ. அது நாப்பத்தெட்டு வருசமாக் களைக்கேல்லை."

நிலவில் ஒரு சிவப்பு

நவராத்திரி முடிந்த கிழமை, ஹெவ்லொக் டவுனிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். எங்களிடம் வாங்கிய ஐபீஸ் பழுது என்றார். நிலவின் நடுவே சிவப்பாக ஒன்று நிற்கிறது, எந்தப் பக்கம் திருப்பினாலும் போகிறதில்லை, வாங்கும்போது இப்படி இருக்கவில்லை.

ஐபீஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு தொலைகாட்டியையும் வைத்திருக்கிறார். கண் வைக்கிற கண்ணாடியின் நட்ட நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். மூன்று நாள் காய்ந்து, மேற்பூச்சோடு ஒட்டிப்போயிருந்தது. செல்வி பஞ்சை நனைத்து நனைத்து ஒரு மணித்தியாலம் ஒற்றி எடுத்தார். குழாயில் எவ்வளவோ இடம் இருக்க, ஏன் அந்த இடம் என்று கேட்டேன். ஆசிரியைக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"வேற எங்க வைக்கிறது? அதிலதானே ஒரு முகம் மாதிரி இருந்தது."

ஒரு தொலைபேசி அழைப்பு

பொங்கலுக்கு முதல்நாள் வெள்ளவத்தையில் கடை திறந்திருந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நடைபாதை முழுக்கக் கரும்பும் மண்பானையும். கடைக்குள் ஆணி கழன்ற மூக்குக்கண்ணாடிகளோடு பத்துப் பேர். அந்த நேரத்தில் குலநாயகம் போன் எடுத்தார். பெட்டிக்குள் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி கிடக்கிறது, அது நான் தந்த ஐபீஸின் அடியில் திருகிப் பொருந்துமா என்று கேட்டார்.

தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை வைத்துக்கொண்டு ஒருவருடைய சட்டத்தை வளைத்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் திருகுபுரி ஒன்றுதான், பொருந்தும் என்றேன். நன்றி சொல்லி வைத்தார். கடை பூட்டுகிற நேரம் செல்வி அதைப் பற்றி விசாரித்தார். நிலவு கண்ணைக் கூசாமல் இருக்கப் போடுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று உண்டு, அதுவாகத்தான் இருக்கும் என்றேன். செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எதைப் பாக்கப் போறாருன்னு நீங்க கேக்கவே இல்லையே, சார்."

மொட்டைமாடி

மறுநாள் காலை கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பல்கணியில் பொங்கிப் படைத்தோம். கைகூப்பி நிமிர்ந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. செல்வி சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. பொங்கலுக்கு முதல்நாள் ஒரு மனிதன் நிலவைப் பார்க்க ஏன் கண்ணாடி தேடப்போகிறான்?

மலிவான தொலைகாட்டிகள் சிலவற்றில் சூரியனுக்கு என்றே ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்புகிறார்கள். சூரியனைப் பார்ப்பதென்றால் வெயில் குழாய்க்குள் நுழையுமுன்பே முன்வாயில் தடுக்க வேண்டும். ஐபீஸில் தடுத்தால், முன்வில்லை திரட்டிய வெயில் அத்தனையும் அந்த நாணயமளவுக் கண்ணாடியில் வந்து குவியும். சூடேறி அது வெடித்தால் மிச்சம் நேரே கண்ணுக்குள். கண்ணை எடுக்க நேரம் இருக்காது. அவரிடம் இருப்பதோ ஒரு கண்.

நாலு முறை அவருக்குப் போன் எடுத்தேன். யாரும் தூக்கவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டு, பில்லில் எழுதிய ஞாபகத்தில் இருந்த அவருடைய வெள்ளவத்தை விலாசத்துக்கு ஓட்டோவில் ஏறினேன். விடுமுறை நாள், வீதி காலியாகக் கிடந்தது. இருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை அவ்வளவு தூரம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருடைய தொடர்மாடியில் நாலு மாடிப் படி. மொட்டைமாடி வரைக்கும் நிற்காமல் ஏறினேன்.

மொட்டைமாடியில் மூன்று கல் அடுப்பு, பொங்கின பானை, தலைவாழை இலை. அவர் மனைவி கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். ஐந்தடி தள்ளித் தொலைகாட்டி சூரியனைப் பார்த்தபடி நின்றது. நிழலைப் பார்த்துச் சரியாகத் திருப்பி, சில நிமிடம் முன்பே ஆயத்தம் செய்துவிட்டாராம். படைக்க முதல் யாரும் சூரியனைப் பார்க்கக்கூடாது என்று மனைவி மறித்துவிட்டார். இப்போது படையல் முடிகிறது. குலநாயகம் என்னைக் கண்டு, நல்ல நேரத்துக்கு வந்தீர்கள், முதலில் நீங்களே பாருங்கள் என்றார்.

நான் குழாயை ஒரு பக்கம் தள்ளித் திருப்பினேன். ஐபீஸைக் கழற்றினேன், சுட்டது. அடியிலிருந்த கறுப்புக் கண்ணாடி ஓரத்திலிருந்து ஓரம் வரை பிளந்து, ஒரு பாதி விலகி நின்றது. அதைத் திருகிக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். சற்று முன்பு 'டிக்' என்று கேட்டதாகவும், அடுத்த ஒழுங்கையில் சீனவெடி என்று நினைத்ததாகவும் மனைவி மெல்லச் சொன்னார். அதன் பிறகு அவர் இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

குலநாயகம் அந்தத் துண்டை வாங்கி, உறுதி வாசிக்கிறவர் மாதிரி வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, வெடிப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஐபீஸை வாங்கி அதையும் அப்படியே பார்த்தார். அதைத் திருப்பி என் கையில் வைத்தார். என் தோளில் தட்டினார்.

"பயப்பிடாதேங்கோ தம்பி, உங்கட ஐபீஸுக்கு ஒண்டும் நடக்கேல்லை."

அன்றிலிருந்து கடைக்கு வருகிற எந்தப் பெட்டியிலும் முதல் வேலையாக அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தேடியெடுத்துச் சுத்தியலால் உடைத்துவிடுகிறேன். கேள்வியைக் கேட்காமலே பதில் சொல்லுகிற கடைக்காரனை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.