இரண்டு நாள் முந்தி வந்த வெள்ளிக்கிழமை

என் தங்கை மகன் ஹல்துமுல்லைக்குக் கீழே கோப்பி வளர்க்கிறான். பசுமாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து தோண்டியெடுத்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் கலக்கித் தெளித்து, நிலவைப் பார்த்து நட்டு வளர்க்கும் கோப்பி. வாங்கிக் குடிக்கும் வெளிநாட்டார் அதில் தேனும் தோடம்பழமும் தெரிவதாக எழுதி அனுப்புகிறார்கள். எனக்குக் கோப்பி மட்டுமே தெரிகிறது.

சான்றிதழுக்கான படிவங்களை நிரப்புவது என் பொறுப்பு. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் படிவங்களோடு வாழ்ந்தவனை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்பதை மருமகன் சீக்கிரமே கண்டுகொண்டான். இந்த வருடப் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி: பண்ணையின் மிகப் பழைய மரங்கள் எந்த நாளில் நடப்பட்டன, அன்று நிலவின் நிலை என்ன?

"அதெல்லாம் யாருக்கு மாமா தெரியும்? சும்மா ஏதாச்சும் எழுதிருங்க."

சும்மா எழுதும் பழக்கம் எனக்கில்லை. அந்த நாள் எனக்குத் தெரியும். அது ஒரு புதன்கிழமை. எங்கள் வீட்டு நாட்காட்டியின்படி வெள்ளிக்கிழமை.

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பாவும் பெரியப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். இருவரும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே மாதிரியான குடியுரிமை விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். அப்பாவை இந்த நாட்டுக்காரர் என்றார்கள், பெரியப்பாவை இந்தியாக்காரர் என்றார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு எப்படி இரண்டு பதில்கள் கிடைத்தன என்று பிற்காலத்தில் அந்த விதிகளையெல்லாம் படித்துப் பார்த்தேன். விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தது.

பெரியப்பாவும் பெரியம்மாவும் இந்தியாவுக்குப் புறப்பட வேண்டிய நாள் ஒரு வியாழக்கிழமை. ஹப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும்.

இதற்கிடையில் நாற்பது கோப்பி நாற்றுகள் காத்திருந்தன. லயத்துக்குக் கீழே அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கிய அரை ஏக்கருக்காக, பெரியப்பாவே விதை போட்டு, சிரட்டைகளில் வளர்த்தவை. குழிகளும் தயாராக இருந்தன. நாள்தான் தயாராக இல்லை. மரம் வைப்பதானால் பெரியப்பாவுக்கு மேல்நோக்கு நாளாக இருக்க வேண்டும். நாட்காட்டித் தாளில் அம்பு மேலே பார்க்க வேண்டும். அந்த வாரம் புதனும் வியாழனும் கீழே பார்த்தன. வெள்ளிக்கிழமைதான் மேலே பார்த்தது.

"ஒங்க கையால வச்சிட்டுப் போங்கண்ணே. நாளு கெடக்குது" என்றார் அப்பா.

"கீழ்நோக்கு நாள்ல வச்சா கெழங்குதான்டா வரும். வெள்ளிக்கெழம நீயே வையி. நா இல்லாட்டி என்னா, நாளு இருக்கில்ல?"

அப்பா மூன்று நாள் கெஞ்சினார். பெரியப்பா அசையவில்லை. அப்பா சாப்பிடாமல் எழுந்து போனதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. கடைசி நாற்றை நானும் பெரியப்பாவும் சேர்ந்து வைப்பதாக ஒப்பந்தம். மேலும், நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் பதவி என்னுடையது. அதிகாரம் கையில் இருக்கும்போது ஏன் சும்மா இருக்க வேண்டும்? புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு தாள்களைக் கிழித்து மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சுவரில் வெள்ளிக்கிழமை தொங்கியது. அம்பு மேலே பார்த்தது. அந்தக் கணக்குப்படி பெரியப்பா அந்நேரம் கடலைக் கடந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்து இருவரும் வந்தார்கள். காலைப் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க மலையில் நின்றவர்கள். பெரியப்பா முகம் துடைத்துக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"என்னாடா, வெள்ளிக்கெழம ஆயிருச்சு போல."

"ஆமாண்ணே. நாளு ஓடுனதே தெரியல."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னாங்க சொல்றீங்க, இன்னைக்குப் பொத..."

"நீ தேத்தண்ணியப் போடு" என்றார் அப்பா.

"அலவாங்க எடுடா" என்றார் பெரியப்பா. குழி தோண்டும் அலவாங்கு அப்பாவின் கையில் ஏற்கெனவே இருந்தது.

தூறலில் நாற்பதையும் வைத்தோம். பெரியப்பா ஒவ்வொரு நாற்றின் தூரையும் மிதித்து இறுக்கினார். பெரியம்மா சாணக் கரைசல் ஊற்றிக்கொண்டே வந்தார். கடைசி நாற்றை என் கையில் கொடுத்தார் பெரியப்பா.

"இது ஒன்னோடது. ஆடு கடிச்சிச்சுன்னா ஒன்னய ஒதைப்பேன்."

"இந்தியாவுல இருந்து எப்புடி ஒதைப்பீங்க?"

"எனக்குக் காலு நீளம்டா."

அப்பா சிரித்தார். சிரித்தபடியே திரும்பி, முடித்துவிட்ட குழிக்கு மறுபடியும் மண் தள்ளினார்.

மறுநாள் விடியுமுன் எழுப்பினார்கள். விளக்கு வெளிச்சத்தில் நாட்காட்டியைப் பார்த்தேன். அதில் வியாழக்கிழமை இருந்தது. போத்தலுக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துச் சோற்றுப் பருக்கையால் யாரோ ஒட்டியிருந்தார்கள். அம்பு கீழே பார்த்தது. எல்லோருக்கும் பெட்டி கட்டும் வேலை இருந்தது.

ஹப்புத்தளையில் பெண்கள் அழுதார்கள். கோச்சி நகரத் தொடங்கியபோது பெரியப்பா ஜன்னல் வழியாக என் தலையில் கை வைத்தார்.

"தாளு கிழிக்கிறது ஒன் வேல. ஒன்னொன்னாக் கிழி, என்னா?"

சரி என்றேன்.

படிவத்தில் மேல்நோக்கு நாள் என்றே எழுதினேன். என் சேவைக் காலத்திலும் அதற்குப் பிறகும் நான் அறிந்து செய்த ஒரே பொய்ப் பதிவு அது. அந்த நாற்பதில் முப்பத்தொன்று மருமகனின் பண்ணையில் இன்னும் காய்க்கின்றன. கிழங்கு எதுவும் வரவில்லை.

கோச்சியை அனுப்பிவிட்டு வீடு திரும்பிய அன்றிலிருந்து அடிக்காகக் காத்திருந்தேன். முதலில் அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். பிறகு அப்பா. ஒரு வாரம் போயும் யாரும் கை ஓங்கவில்லை. பெரியப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது, தெரிந்ததும் எழுதுவார் என்று முடிவு செய்தேன். இந்தியாவிலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று, அப்பா அதைப் படித்து மடித்து வைக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் தப்பித்தேன். இரண்டு பெரிய மனிதர்களை ஒரே சாயங்காலத்தில் ஏமாற்றிவிட்டோம் என்ற பயமும் பெருமையும் எனக்கு வெகுகாலம் இருந்தன.