டயாலிசிஸ் வேனும் நீக்கப்பட்ட கேள்வியும்

சுகாதாரத்துறையின் ஒப்பந்தத்தில் வேன் ஓட்டுவது அந்தப் பெண்ணின் தொழில். சிறுநீரகம் பழுதான எட்டுப் பேரை, வாரத்தில் மூன்று நாள், வீடு வீடாக ஏற்றிச் சென்று டயாலிசிஸ் நிலையத்தில் இறக்குவார். சிகிச்சை முடிந்ததும் திரும்ப அழைத்து வருவார். அந்த எண்மரில் ஒருவர் அவருடைய அண்ணன், கொத்தனாராக இருந்தவர். வேனில் வரும் மற்றவர்களுக்கு அந்தத் தங்கை டிரைவரம்மா. அண்ணனுக்கு மட்டும், ஐம்பத்திரண்டு வயதிலும், பாப்பா.

சிகிச்சை முடிந்து வருபவர்களை நிலையத்து வாசலிலுள்ள எடைக்கருவியில் நிறுத்தி, எடையை ஒரு நோட்டில் குறித்துக்கொண்ட பிறகே வேனில் ஏற்றுவார். உடலிலிருந்து நீர் அதிகமாக இறங்கியவர் வழியில் மயங்கக்கூடும். அவரைக் கதவோரம் உட்கார வைக்கலாகாது. நீர் இறங்காமல் தங்கியவருக்குச் சாய்ந்தால் மூச்சு முட்டும். அவருக்கு நிமிர்ந்த இருக்கை வேண்டும். இடம் பார்த்து உட்கார வைப்பதற்கென்றே எழுதிய எடைகள் அவை.

மழைக்காலத்தில் காய்ச்சல் பரவியது. செவிலியர் பலர் காய்ச்சல் பிரிவுக்கு மாற்றப்பட்டனர். டயாலிசிஸ் இனி நான்கு மணி நேரமன்று, மூன்று மணி நேரமே. அது அனைவருக்கும் போதுமானது என்று சுகாதாரத்துறை அறிவித்தது. மூன்றே வாரத்தில் நிமிர்ந்த இருக்கைகள் போதாமற்போயின. ஐந்து பேர் மருத்துவர் குறித்துக் கொடுத்த எடையைவிடக் கூடுதலான எடையுடன் வீடு திரும்பினர். அண்ணனுக்கு இரண்டரைக் கிலோ கூடுதல். வீங்கிய கால் செருப்பில் நுழையவில்லை. உட்கார்ந்தபடியே உறங்கினார்.

தங்கை சமூக ஊடகத்தில் மூன்று வரி எழுதினார். 'மூன்று மணி நேரம் அனைவருக்கும் போதும் என்கிறார்கள். எங்கள் வேனில் வரும் எட்டுப் பேரில் ஐந்து பேருக்குப் போதவில்லை. எடையைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யக் கூடாதா?' ஒரு மணி நேரத்திற்குள் பதிவு நீக்கப்பட்டது. அதிகாரபூர்வச் சுகாதார அறிவிப்புக்கு முரணானது என்று காரணம் வந்தது.

"திட்டி எழுதினியா?" என்றார் வேனில் வரும் தையல்காரம்மா.

"கேள்விதான்க்கா கேட்டேன்."

"கேள்விக்குப் பதில் சொல்றது கஷ்டம். கேள்வியத் தூக்கிப் போடறது சுலபம்," என்றார் பின்னிருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார்.

ஆதாரம் இல்லாததால்தான் நீக்கினார்கள் என்று எண்ணிய டிரைவரம்மா, நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து அப்படியே பதிவிட்டார். அவற்றில் எட்டுப் பேருடைய பெயர்களும் இருந்தன. இம்முறை பதிவு நீக்கப்பட்டதுடன் கணக்கும் முப்பது நாளுக்கு முடக்கப்பட்டது.

"என் சம்பந்தியம்மா போன் பண்ணி, நீங்க எழுபத்தாறு கிலோவான்னு கேக்கறாங்க. இத்தன வருஷமா மூடி வச்சிருந்தேன்டி," என்றார் தையல்காரம்மா. சிரிக்க வைப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்குங்கக்கா. முதல் தடவ அவங்க செஞ்சது தப்பு. இந்தத் தடவ நான் செஞ்சது தப்பு."

அண்ணனுக்கு அச்சம் வந்துவிட்டது. "விட்டுடு பாப்பா. வேன் ஒப்பந்தத்தையும் பிடுங்கிட்டா, உள்ளதும் போச்சுடான்னு உக்கார வேண்டியதுதான்."

"இப்பவே நீ உக்காந்துகிட்டுதான தூங்கற."



மறுநாள் டிரைவரம்மா புதிய தாள்களில் எடைகளைப் படியெடுத்தார். பெயருக்குப் பதிலாக எண். ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்டி, சம்மதம் பெற்று, கையொப்பம் வாங்கினார். தையல்காரம்மா கடைசியாகத்தான் போட்டார், ஆனால் போட்டார். குறை கேட்கும் நாளன்று, சிகிச்சை முடிந்ததும் வேன் வீடுகளுக்குத் திரும்பாமல் சுகாதார அலுவலகத்தின்முன் நின்றது.

அதிகாரியின் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. "அவங்களால படி ஏற முடியாது சார். நீங்கதான் இறங்கி வரணும்," என்று டிரைவரம்மா அறை வாசலில் நின்றார். நகரவில்லை. கால் மணி நேரம் கழித்து அதிகாரி தம் எழுத்தருடன் இறங்கி வந்தார். அவரும் மருத்துவரே. தாள்களைப் புரட்டினார், அண்ணனுடைய முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பின்னும் குழி நிறையவில்லை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு பதிவு போட்டிருந்தாகூட பாத்திருப்போம்."

"போட்டேன் சார். நீக்கிட்டாங்க."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். "யாரு நீக்கச் சொன்னது?"

"நம்ம பிரிவுதான் சார் புகார் அனுப்புச்சு. அறிவிப்புக்கு மாறா இருக்கறதெல்லாம் அனுப்பச் சொல்லி நீங்கதான்..." என்று இழுத்தார் எழுத்தர்.

ஐந்து பேருக்கும் நாளை மறுநாளிலிருந்து நான்கு மணி நேரம் என்று அதிகாரி வாய்மொழியாகச் சொன்னார்.

"எழுத்துல குடுங்க சார்."

எழுத்தர் மேலே ஏறி, தட்டச்சு செய்து, இறங்கி வரும் வரை வேன் அசையவில்லை. ஆணையை வாங்கி இருமுறை படித்தார் டிரைவரம்மா. அதில் அவருடைய வேனில் வரும் ஐவரைப் பற்றி மட்டுமே இருந்தது.

"மத்த வேன்ல, மத்த நிலையத்துக்கு வர்றவங்களுக்கு?"

"மேலிடத்துல கேக்கணும்மா. அடுத்த மாசம் கூட்டம் இருக்கு."

"என் கணக்கு திறக்கறதும் அடுத்த மாசந்தான். கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னு அதுலயே பதிவு போட்டுக் கேப்பேன் சார். அத நீக்கச் சொல்லி அனுப்பாதீங்க."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தரையைப் பார்த்தார். "அனுப்ப மாட்டோம்," என்றார் அதிகாரி.

டிரைவரம்மா கூட்டத்தின் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வேனைக் கிளப்பினார்.